சேசம்மாள் மடியில பிள்ளை எங்க?

...பிள்ளைய எங்கட்டீ போட்டேன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? நீயே சொல்லு பிள்ளே. ஆறு பெத்தவகிட்ட கேக்கிற கேள்வியா இது? ஒண்ணா, ரெண்டா? ஆறு! இந்தா, பாத்திரம் கழுவுற மோரியில தண்ணிய அளைஞ்சிக்கிட்டுக் கெடக்கானே, அவன் ஒண்ணு. வாசல்ல கோழியத் தொரத்துதாளே, அவ ஒண்ணு. மிச்சம் நாலும் சோத்து நேரத்துக்குத் தன்னால வந்திரும். படத்துல இல்லேன்னா பிள்ளையே இல்லேன்னு ஆயிருமா? ...கையத் தூக்கு. இன்னும் கொஞ்சம். ஆங். கூச்சப்படாதே, நான் தையக்காரி, எத்தன கக்கத்தப் பாத்திருப்பேன்.

என்ன படமா? அய்ய, ஒனக்குத் தெரியாதா? ஒம் மாமியா சீனியம்மா சொல்லலியா? இந்தத் தாராவி பூரா அவ சொல்லாத ஆளு கெடையாதே! ஊர்லயிருந்து ஒன்னக் கட்டிக் கூட்டியாந்து ஒரு மாசம் ஆகுது, மருமகளுக்கு மட்டும் சொல்லலியாக்கும்? ஒம் மாப்பிள்ள சொரிமுத்துவாவது... அவனும் இல்லியா? சரி, சொல்லியிருந்தாலும் அம்புட்டும் பொய்யாத்தான் இருக்கும். நிசத்த நான் சொல்லுதேன். கேட்டுட்டு நீ நியாயம் சொல்லு.

மாட்டுங்காவுல ஒரு ஐயரு வீடு. அந்த வீட்டம்மாவுக்கு எட்டு வருசமா ஜம்பர், அதான் ரவிக்கை, தைக்கிறது நான்தான். அவுகளுக்கு ஒரே பொண்ணு, விசாலாக்ஷி. டவுன்ல படம் வரையிற காலேஜ்ல படிக்கா. நல்ல லெச்சணமான பிள்ளை. ஆனா பத்து வெரல்லயும் பெயிண்ட்டு. அவுக அம்மா எங்கிட்ட கண்ணத் தொடைப்பா. "சேசம்மா, பொண்ணு பாக்க வரவா முன்னாடி நீலக் கையோட வந்து நிக்கறாளே, இவள யாரு பண்ணிப்பா"ம்பா. "மண்ணெண்ணெயப் போட்டுத் தேய்ச்சா போயிரும்மா"ம்பேன். நான் வேற என்னத்தச் சொல்ல? எனக்குத் தெரிஞ்சது கறை போக்குறது.

அந்த விசாலாக்ஷி ஒரு நாள் பால்கனிக்கு வந்து, "மாமி, நீங்க எனக்கு ஒக்காரணும்"ங்கா. "ஒக்காந்துதான இருக்கேன்"னேன். "அதில்ல மாமி, படத்துக்கு. தாய்னு ஒண்ணு போடப்போறேன். நீங்கதான் தாய்"ங்கா.

எனக்கு நெஞ்சு குளுந்துபோச்சு பிள்ளே! ஏன் குளுராது? அதுக்கு முந்தின வருசம்தான் எங்க கோயில் திருநாள்ல மாதர் சபையில எனக்கு உத்தம தாய்னு பரிசு குடுத்தாக. அந்தா, செவுத்துல ஒரு ஆணி தனியாத் தெரியுதா? அதுல ஒரு கடியாரம் தொங்குச்சு. அதான் பரிசு. குடுத்த அன்னைக்கே ஓடல. ஆனாலும் பரிசு பரிசுதான? அப்பேர்ப்பட்டவ நான். மாதா சொரூபம் மாதிரி நீல முக்காடு, மடியில பிள்ளை, தலையச் சுத்தி மஞ்ச வட்டம், அப்பிடி வரைவான்னு நெனச்சேன். "வட்டம் போடுவியாம்மா?"ன்னு கேட்டேன். "வட்டமெல்லாம் வேண்டாம் மாமி"ன்னுட்டா. சரி, வட்டம் இல்லாட்டாப் போகுது.

மறுநாள் என் கல்யாணப் பட்ட எடுத்து உடுத்தேன். எதுத்த கோலி, இங்க ரூம்பக் கோலின்னுதான் சொல்லுவாக, அந்த அன்னத்தாய்கிட்ட செயின் வாங்கிக் கழுத்துல போட்டேன். மூஞ்சியில பவுடரு அப்புன அப்புல எங் கடைக்குட்டி ஆபிரகாமே என்னப் பாத்து அழுதான். ரெண்டு வயசு அவனுக்கு. அவனத் தூக்கி இடுப்புல வச்சிக்கிட்டு மாட்டுங்காவுக்கு நடந்தே போனேன். ரோட்டுல போறவாறவன்லாம் கல்யாணமா கல்யாணமான்னு கேக்கான்.

போயி ஒக்காந்தா, அவன் ஒரு எடத்துல இருக்க மாட்டேங்கான். மூக்க இழுக்கான். செயினக் கடிக்கான். பெயிண்ட்டு டப்பாவ எத்தி விட்டுட்டான். அப்பறம் மடியிலயே ஒண்ணுக்கு இருந்துட்டான், பட்டு மேல! அந்தப் பொண்ணு பென்சிலக் கடிச்சிக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருக்கா, கோடு ஒண்ணு இழுக்கல. "மாமி, சிரிக்காதீங்கோ. இயல்பா இருங்கோ"ங்கா. இயல்பா இருக்கணும்னா நான் எந்திரிச்சு அவன் முதுகுல ரெண்டு போடணும். அத வரைவாளா? இப்பிடியே நாலு நாளு. அஞ்சாம் நாளு... அது கெடக்கட்டும். அஞ்சாம் நாளோட வேலை முடிஞ்சிருச்சு.

நீ ஏன் நின்னுக்கிட்டே இருக்க? கால் கடுக்கும். அந்த நாக்காலியில உக்காரு. உக்காரு பிள்ளே, உக்காந்தும் அளவு எடுக்கலாம். சாஞ்சிக்கோ. மொழங்கையிலயிருந்து மணிக்கட்டுக்கு எத்தனன்னு பாப்போம்... எத்தனன்னா எத்தனையோ இருக்கு. எழுதிக்கிடலாம்.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் எங்க வீட்டுக்காரரு வொர்க்‌ஷாப்புலயிருந்து வாறாக. சூசைமாணிக்கம்னு பேரு, ஒனக்குத் தெரியும், காலையில நல்லாத் தண்ணி வரலேன்னு முனிசிபாலிட்டிய ஏசுவாகளே, அவுகதான். கையில இங்கிலீஷ் பேப்பரு. மூஞ்சி செவந்து கெடக்கு. "இது யாரு?"ங்காக.

பாத்தா நானு! விசாலாக்ஷி படத்த டவுன்ல கண்காட்சியில வச்சிருக்காக, அதப் பேப்பர்காரன் போட்டிருக்கான். கல்யாணப் பட்டு. நாக்காலியில மல்லாந்து சாஞ்சு, ரெண்டு காலயும் முன்னால ஒரு முக்காலி மேல நீட்டி, சீலை மொழங்காலுக்கு ஏறிக் கெடக்கு. கண்ணு மூடியிருக்கு. வாய் ஆன்னு தொறந்து கொட்டாவி! தொண்டை தெரியுது பிள்ளே, கடவாப் பல்லு தெரியுது. கை ரெண்டும் ரெண்டு பக்கம் தொங்குது. மடியில... மடியில ஒண்ணுமே இல்ல. பிள்ளை இருந்து எந்திரிச்ச மாதிரி சீலை கசங்கி, நடுவுல ஈரம் மட்டும் இருக்கு. கீழ பேரு வேற போட்டிருக்கு. தாய், அப்பறம் சேசம்மாள், தாராவின்னு. விலாசம் தப்பாம!

அவுக கூட வேலை செய்யிறவன்லாம் கேட்டிருக்கான். "க்யா பாய், ஒனக்குப் பிள்ளை கெடையாதா?" ஆறு பிள்ளைக்குத் தகப்பனப் பாத்து கேட்டா எப்பிடி இருக்கும்? அது போதாதுன்னு, இப்பம் செவுத்துக்குச் செவுரு செவப்பு முக்கோணம் வரைஞ்சு, ரெண்டு பெத்தாப் போதும், மூணு பெத்தாப் போதும்னு எழுதி வைக்கான்லா, இந்தச் சந்துல உள்ளவ எவளோ, இது முக்கோணத்து விளம்பரம்தான்னு சொல்லிட்டா. எவளோ என்ன எவளோ, ஒம் மாமியாதான். சேசம்மா சர்க்காருகிட்ட குடும்பக் கட்டுப்பாட்டுக்குக் குடுக்கிற டிரான்சிஸ்டர் ரேடியோ வாங்கிக்கிட்டு விளம்பரத்துல நிக்கான்னு! டிரான்சிஸ்டர் எங்க? காட்டு! எங் கோலியில கொசுச் சத்தத்தத் தவிர வேற பாட்டு உண்டுமா?

மறுநாளே மாதர் சபைத் தலைவி டீச்சரம்மா வந்துட்டாக. ஒக்காரவே இல்ல. "சேசம்மா, உத்தம தாய்ப் பரிசத் திருப்பிக் குடுத்துருங்க"ங்காக. "ஏன் டீச்சர்?" "தாய்னு பேரு போட்டுட்டுப் பிள்ளையில்லாம ஒக்காந்திருக்கீக, அதுவும் காலு தெரிய." "டீச்சர், பிள்ளைக இந்தா நிக்குதே, எண்ணிக்கோங்க"ன்னேன். "நேருல இருந்து என்ன செய்ய? பேப்பர்ல இல்லியே"ங்காக. எப்பிடி இருக்கு நியாயம்? "கடியாரம் ஓடல டீச்சர்"ன்னேன். "ஓடாட்டாலும் சபைக்கு வேணும்"னு கழத்திக்கிட்டுப் போயிட்டாக. அத இப்பம் தேவ்நார்ல ஒருத்திக்குக் குடுத்திருக்காளாம். அவளுக்கும் ஓடலியாம்.

அதெல்லாம் கூடப் பொறுத்துக்கிட்டேன் பிள்ளே. எம் பொண்ணு கல்யாணத்துல வந்து விழுந்துச்சு பாரு, அதத்தான் தாங்க முடியல.

எம் மூத்தவ ஜெயசீலிக்கு திலக் நகர்ல பேசி முடிச்சிருந்தோம். பையன் தாவீது. தங்கமான பையன், கம்பெனி ஆபீஸ்ல கிளார்க்கு. அவுக அம்மா ரோஸி, புருசன் இல்லாதவ, ஒம்பது பெத்து ஆறத் தேத்தி ஆளாக்குனவ. வாய்ல சிரிப்பே வராது. அவ ஆளு விட்டுச் சொல்லுதா, "பிள்ளை வேண்டாம்னு ஒக்காந்திருக்கவ வீட்டுலயா பொண்ணெடுக்க? படத்த நான் நேருல பாக்கணும். ஞாயித்துக்கெழம போறேன். பாத்துட்டுத்தான் முடிவு." ஜெயசீலி மூணு நாளு சாப்பிடல. எம் மூஞ்சியப் பாக்கவேயில்ல. அவ அழுதாக்கூடத் தாங்கிக்கிடலாம், பேசாமக் கெடந்தா என்ன செய்ய? அவளுக்கு அந்தப் பையன் மேல ஆச, எனக்குத் தெரியும்.

எங்க வீட்டுக்காரரு ஒரு யோசன பண்ணுனாக. சம்மந்தகாரி வர்றதுக்குள்ள நாம போயி, படத்துல பிள்ளைகளச் சேக்கச் சொல்லிருவோம்!

ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்ச கையோட கெளம்பிட்டோம். எட்டுப் பேரு. எல்லாத்துக்கும் திருநாள் சட்ட. ரயில் காடியில ஏறி போரிபந்தர் ஸ்டேசன்ல எறங்கி நடக்கோம். அவுக கையில ஸ்டுடியோவுல புடிச்ச குடும்பப் போட்டோ. எதுக்குங்கியா? பிள்ளைக அசையும், போட்டோ அசையாதுல்லா, அதப் பாத்து வரையட்டும்னு!

பெரிய ஹாலு. செவுரெல்லாம் படம். ஒண்ணுல பாதிப் பொம்பளையத்தான் காணும், ஒண்ணுல வெறும் முருங்கைக்காய். எம் படம் நடுவுல, கதவு ஒசரம்! பேப்பர்ல ஒரு சாண்தான இருந்துச்சு, இது கதவு ஒசரம். எங் கொட்டாவிக்குள்ள ஒரு கோழி நொழையலாம். விசாலாக்ஷி ஓடி வந்தா. "மாமி, வந்துட்டேளா!"ன்னு கையப் புடிச்சா. நான் கைய உருவிக்கிட்டேன்.

எங்க வீட்டுக்காரரு ஆறையும் படத்துக்கு முன்னால ஒசர வரிசையில நிறுத்திட்டாக. "இந்தாம்மா, சரக்கு ரெடி. வரை"ங்காக. "முடியாது மாமா"ங்கா அவ. "ஆறுக்கு எடம் இல்லேன்னா நாலு போடு. கேட்டா ரெண்டு ஸ்கூலுக்குப் போயிருக்குன்னு சொல்லிக்கிடுதோம்." "முடியாது மாமா." "ஒரு காலாவது போடும்மா! ஓரத்துல ஒரு பிள்ளைக் காலு தெரிஞ்சாக்கூடப் போதும். பிள்ளை அந்தப் பக்கம் வெளையாடுதுன்னு ஆயிரும்!"

இதுக்குள்ள ஒரு கூட்டம் சேந்துபோச்சு. ஒரு பார்சிக் கெழவரு, ரெண்டு துரைசானிக. அவுகளுக்கு இது சண்டைன்னு தெரியல, இதுவும் படத்தோட சேந்ததுன்னு நெனச்சிட்டாக! அந்தக் கெழவரு ஒவ்வொரு பிள்ளையாச் சுத்திச் சுத்தி வந்து மூஞ்சியப் பாக்காரு. ஆபிரகாம் மூக்க ஒழுக விட்டுக்கிட்டு நிக்கான். "வெரி குட்"ங்காரு. எங்க வீட்டுக்காரரு கையப் புடிச்சுக் குலுக்குதாரு. அவுகளும் "தேங்க்யூ"ன்னுட்டாக. ஏசிக்கிட்டிருந்த மனுசன்! தேங்க்யூ சொல்லி முடிச்சிட்டு மறுபடியும் ஏச ஆரம்பிச்சாக.

"யாரக் கேட்டு எம் பொண்டாட்டிய மலடி மாதிரி வரைஞ்சே? ஒன்னப் பெத்தவ இப்பிடித்தான் கொட்டாவி விட்டுக்கிட்டுக் கெடந்தாளா? கல்யாணம் காச்சி ஆகாதவளுக்குத் தாயப் பத்தி என்ன தெரியும்?"னு அந்த ஹாலே அதிரக் கத்துனாக. அந்தப் பொண்ணு ஒரு வார்த்த திருப்பிச் சொல்லல. என்ன ஒரு தடவ பாத்தா. நான் முந்தானைய முறுக்கிக்கிட்டுத் தரையப் பாத்தேன்.

அப்பந்தான் ரோஸி உள்ள வாறா. கூட தாவீது. ஜெயசீலி சட்டுனு எம் முதுகுக்குப் பின்னால போயிட்டா. எங்க வீட்டுக்காரரு, "மைனி, இப்பந்தான் திருத்தச் சொல்லிக்கிட்டிருக்கேன், நீங்க கவலப்படாதீக"ங்காக. ரோஸி காதுலயே வாங்கல. நேரா படத்துக்கு முன்னால போயி நின்னா.

நின்னா நின்னா, நின்னுக்கிட்டே இருந்தா. கிட்டப் போயி மடியில இருந்த ஈரத்தப் பாத்தா. தூர வந்து காலப் பாத்தா. அங்க வாட்ச்மேன் ஜெயினுலாப்தீன்னு, நம்ம தென்காசிப் பக்கத்து ஆளு. அவரப் பாத்து, "அண்ணாச்சி, அந்த நாக்காலியக் கொஞ்சம் குடுங்க"ன்னா. குடுத்தாரு. படத்துக்கு நேரா போட்டு ஒக்காந்தா. செருப்பக் கழத்துனா. கால நீட்டுனா. தலையப் பின்னால சாச்சுக் கண்ண மூடிட்டா!

அந்தப் பார்சிக் கெழவரு தொப்பியக் கழத்திக் கையில வச்சிக்கிட்டாரு. அஞ்சு நிமிசம். பத்து நிமிசம். தாவீது பயந்துபோயி, "எம்மா, என்ன செய்யுது?"ன்னான்.

"ஒண்ணும் செய்யல"ன்னா ரோஸி, கண்ணத் தொறக்காமலே. "முப்பது வருசத்துல மொதத் தடவையா நான் ஒண்ணும் செய்யலடா. சும்மா இரு."

அப்பறம் கண்ணத் தொறந்து எங்க வீட்டுக்காரரப் பாத்துச் சொல்லுதா. "அண்ணே, இந்தப் படத்துல ஒரு பிள்ளையச் சேத்தாலும் கல்யாணம் நடக்காது. ஒரு காலு தெரிஞ்சாலும் நடக்காது."

அவுக கையில இருந்த போட்டோவ முதுகுக்குப் பின்னால கொண்டு போனாக. அப்பறம், "நானும் அதத்தான் இந்தப் பிள்ளைகிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன் மைனி"ங்காக!

சிரிக்காதே பிள்ளே, அளவு மாறும். ...அசந்து வருதா? கண்ண மூடிக்கோ, காது தொறந்திருந்தாப் போதும்.

தையில கல்யாணம். அது நிச்சயம். ஆனா அந்த ரோஸி செஞ்ச வேலையத்தான் நான் யாருகிட்டச் சொல்லி அழ? அடுத்த வாரம் கைவண்டியில ஒரு நாக்காலி வருது. கையி வச்ச நாக்காலி, பிரம்பு பின்னுனது. இது சேசம்மா மைனிக்கு, பிள்ளைகளும் ஆம்பளைகளும் ஏறக்கூடாதுன்னு சொல்லி அனுப்பியிருக்கா. நீ ஒக்காந்திருக்கியே, இதான். அன்னையிலயிருந்து எம் பொழப்புப் போச்சு! இந்தச் சந்துல உள்ள அம்புட்டுப் பொம்பளைக்கும் ஜம்பர் தைக்கணும்னு வந்திருச்சு. துணியே கொண்டாராம வாறாளுக! "அளவு மட்டும் எடுத்து வையி சேசம்மா, துணி பெறவு எடுக்கேன்"னு சொல்லி ஒக்காந்தா, அரை மணிக்கு எந்திரிக்க மாட்டாளுக. கடை வச்சிருக்க செல்லத்துரை பொண்டாட்டி வாரத்துக்கு ரெண்டு தடவ அளவு குடுக்கா. ஆம்பளைக கேக்காக, "என்ன, தெனமுமா பொம்பளைக ஒடம்பு வளருது?"ன்னு. நான் என்னத்தச் சொல்ல? மிஷின மிதிச்சு எத்தன நாளாச்சு தெரியுமா? டேப்பு மட்டும் தேஞ்சு போச்சு.

எல்லாம் அந்த விசாலாக்ஷியாலதான்னு எங்க வீட்டுக்காரரு இன்னைக்கும் ஏசிக்கிட்டுத்தான் இருக்காக. கொழுப்பெடுத்த பிள்ளை, யாரையும் கேக்காம வரைஞ்சிட்டான்னு. டீச்சரம்மாவும் அப்பிடித்தான் சொல்லுதாக. ஒம் மாமியாளும் சொல்லுவா.

...ஆனா பிள்ளே... நீ புதுசு, நீ யாருகிட்டயும் சொல்ல மாட்டே. சொல்லாதே, என்ன?

அஞ்சாம் நாளு ஆபிரகாம் என் மடியில ஒண்ணுக்கு இருந்துட்டு அழுதான். அந்த வீட்டம்மா, பாவம், நல்லவ, அவனத் தூக்கிட்டுப் போயி ஊஞ்சல்ல போட்டு ஆட்டுனா. ஒறங்கிட்டான். பால்கனியில நல்ல காத்து. எங் கையில ஒண்ணுமே இல்ல. பதினெட்டு வருசத்துல எங் கையில ஒண்ணுமே இல்லாம நான் இருந்ததில்ல பிள்ளே. பிள்ளை, இல்லேன்னா கத்திரி, இல்லேன்னா வாளி. கை தன்னால தொங்கிருச்சு. காலு தன்னால நீண்டுருச்சு. கொட்டாவி வந்துச்சு பாரு, அடி வயித்துலயிருந்து வந்துச்சு.

அந்தப் பொண்ணு மெதுவாக் கேக்கா, "மாமி, கொழந்தையக் கொண்டு வரட்டுமா?"

நான்தான் சொன்னேன். "வேண்டாம்மா. இப்பிடியே போட்டிரு. எம் மேல யாரையும் சேக்காதே." அது மட்டுமா சொன்னேன்? "வெறும் தாய்னு போட்டா எவளையோன்னு நெனப்பாக. எம் பேரயும் எழுது"ன்னேன். எங் கையால எழுதிக்கூடக் குடுத்தேன், சேசம்மாள், தாராவின்னு. அவளுக்குத் தாராவி எங்க தெரியும்?

அம்புட்டுப் பேரு முன்னால அவுக அவளப் போட்டு அந்த ஏச்சு ஏசுனாக. அவ ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சுபோச்சு. இவுகதான் சொன்னாகன்னு வெரல நீட்டியிருக்கலாம். நீட்டலியே. நான் வாயத் தொறக்கலியே. பேரு எழுதக் குடுத்தவளுக்கு வாயத் தொறக்கத் தைரியம் வரல. அதுக்கப்பறம் மாட்டுங்காவுக்கு நான் போகவேயில்ல. அவுக அம்மாவோட நாலு ஜம்பரு தச்சு முடிச்சு அப்பிடியே இருக்கு. என்னன்னு போயி நிக்க? எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு... நீ சொல்லேன், போகட்டுமா? நாளைக்கே போயிரட்டுமா? ஏ பிள்ளே.

...பிள்ளே?

அடி ஆத்தி. ஒறங்கிட்டியா? எப்பம் ஒறங்குனே? கேட்டியா, கேக்கலியா? ...வாயப் பாரு, ஈ நொழையப்போகுது. ஏல ஆபிரகாம், தண்ணிய அளையாதல. சத்தம் போடாத. ஸ்... அக்கா ஒறங்குதால்லா.

யாரு? யாரு கதவத் தட்டுறது? ...சீனியம்மாளா? மெதுவாப் பேசு. மருமகளா? இங்கதான் இருக்கா. வர மாட்டா இப்பம். அளவு எடுத்துக்கிட்டிருக்கேன். ...ஆமா, காலையிலயிருந்துதான். ஊர்ப்பிள்ளைல்லா, ஒடம்பு பம்பாய் டேப்புக்குப் பிடிபட மாட்டேங்கு. ...ஒலை கொதிச்சா நீ எறக்கி வையி. எட்டிப் பாக்காத, துணி இல்லாம நிக்கா. ...எம்புட்டு நேரமா? நான் எப்பிடிச் சொல்ல? கை இருக்கு, கழுத்து இருக்கு, முதுகு இருக்கு. சாயங்காலமா வா.